வெறும் புரோநோட்டுதானே

பெரம்பூர், சென்னை
14-1-1973

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள வளன் அண்ணனுக்கு, தங்கை கிளாடிஸ் எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே எல்லோரும் சுகம். ஆபரேஷன் செய்த இடத்தில் உங்கள் மாப்பிள்ளைக்கு இப்போது வலி ஒன்றும் இல்லை. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பழைய வேலையையே பார்க்கிறார். உங்கள் உடம்பும் பிளாரன்ஸ் மதினி உடம்பும் எப்படி என்று எழுதுங்கள்.

நம் தெரு ரோச் போன வாரம் சென்னைக்கு வந்தவன், மதினி கொடுத்துவிட்ட சீலாக் கருவாட்டை வீட்டுக்கே கொண்டுவந்து தந்தான். கருவாட்டோடு ஒரு செய்தியையும் தந்துவிட்டுப் போனான். கயிற்றுக்கடை ஆவுடையப்ப அண்ணாச்சியிடம் நீங்கள் மூவாயிரம் ரூபாய் கடன் வாங்கியிருக்கிறீர்களாம். "தண்டலுக்கு என்னக்கா, தோணி கொழும்புக்கு நாலு நடை போயிட்டு வந்தா அடைச்சிருவாரு" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோணியில் இருந்த உங்கள் பங்கை விற்ற பிறகு உங்களுக்கு மிச்சம் தோணி ஓட்டுகிற தண்டல் சம்பளம் மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். அதில் மூவாயிரம் எப்படி மிஞ்சும்?

எதற்கு வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அப்பா கட்டிய வீட்டை அதற்கு எழுதிக் கொடுத்தீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.

மதினிக்கு என் அன்பைச் சொல்லவும். பதிலைத் தோணி ஏறும் முன்பே தபாலில் போடவும்.

கிளாடிஸ்

—

தூத்துக்குடி
2-2-1973

என் பிரியமான தங்கை கிளாடிஸுக்கு, அண்ணன் ஆசீர்வாதமாக எழுதுவது. உன் கடிதம் வந்தபோது நான் கொழும்புத் துறையில் இருந்தேன். வெங்காயம் இறக்க ஒன்பது நாள் ஆகிவிட்டது. நேற்றுத்தான் கரை சேர்ந்தேன். மதினிக்கு முழங்கால் வலி. மற்றபடி நலம்.

ரோச் வாயில் எதுதான் நின்றது? அவனிடம் கருவாடு கொடுத்துவிட்டதே தப்பு. கடன் உண்மைதான். 1970 ஏப்ரல் 23ஆம் தேதி போட்ட நோட்டு. தோணிச் செலவு, அது இது என்று வந்தது. இந்த மூன்று வருஷத்தில் அண்ணாச்சி ஒரு நாள் கூட வாய் திறந்து கேட்டதில்லை.

வீட்டைப் பற்றி நீ பதற வேண்டாம். வீட்டைக் காட்டி நான் வாங்கவில்லை. பத்திரம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, உனக்கு எழுத உட்காரும் முன் ஒரு தடவை எடுத்தும் பார்த்துக்கொண்டேன். இது வெறும் புரோநோட்டுதானே. என் கையெழுத்தையும் முகத்தையும் நம்பி அவர் கொடுத்த பணம். அதற்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?

மாப்பிள்ளையைப் பளு தூக்க வேண்டாம் என்று சொல். பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

வளன்

—

பெரம்பூர்
9-2-1973

அன்புள்ள அண்ணனுக்கு, கிளாடிஸ் வணக்கம். எல்லோரும் நலம். மதினியின் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடு செய்து போடச் சொல்லுங்கள்.

நீங்கள் கடலில் காற்றைப் பார்த்துப் பாய் விரிக்கிறவர். நான் பாரிமுனையில் ஒரு வக்கீல் ஆபீசில் பதினோரு வருஷமாக டைப் அடிக்கிறவள். அந்தப் பக்கத்தில் நீங்கள் சொல்வதை நான் கேட்பேன், இந்தப் பக்கத்தில் நான் சொல்வதை நீங்கள் கேட்க வேண்டும்.

வீட்டை அடமானம் வைத்திருந்தால் கடன் கொடுத்தவன் நேராக வீட்டுக்கு வருவான். புரோநோட்டு என்றால் கோர்ட்டைச் சுற்றிக்கொண்டு வருவான். அவ்வளவுதான் வித்தியாசம், கடைசியில் வந்து நிற்பது வீட்டு வாசலில்தான். முதலில் வழக்கு. கடன் உண்மை என்றால் பணத்தைக் கட்டு என்று டிகிரி ஆகும். டிகிரி கையில் வந்ததும், இவருக்கு இன்ன தெருவில் வீடு இருக்கிறது, அதை ஜப்தி செய்து ஏலம் போட்டு என் பணத்தைத் தாருங்கள் என்று ஒரு மனு. பத்திரம் உங்கள் பெட்டியில் இருந்தால் கோர்ட்டுக்கு என்ன? வாரத்துக்கு இரண்டு மனு இப்படி அடிக்கிறேன். வீட்டின் நான்கு எல்லைகளையும் அதில் எழுத வேண்டும். நேற்று நம் வீட்டுக்கு அப்படி மனத்துக்குள் அடித்துப் பார்த்தேன்.

ஆனால் நீங்கள் எழுதிய தேதியைப் பார்த்ததும் மூச்சு வந்தது. புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று வருஷம். வருகிற ஏப்ரல் 23 கடந்துவிட்டால் அதை வைத்து யாரும் வழக்குப் போட முடியாது. அதற்குள் நோட்டின் பின்பக்கத்தில் பத்து ரூபாய் வரவு என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் போதும், அன்றிலிருந்து இன்னொரு மூன்று வருஷம் அதற்கு உயிர் வந்துவிடும். ஆகையால் அண்ணா, 23ஆம் தேதி வரை அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு உங்களுக்கு வசதி வரும்போது கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? வீடு தப்பட்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, சட்டமே கொடுத்திருக்கிற வழி.

இரண்டு வரி போதும், பதில் போடுங்கள்.

கிளாடிஸ்

—

தூத்துக்குடி
20-3-1973

பிரியமுள்ள கிளாடிஸுக்கு, அண்ணன். இங்கே சுகம். உங்கள் சுகத்துக்கு மாதாவிடம் கேட்டுக்கொள்கிறோம்.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மதினிக்கும் படித்துக் காட்டினேன். புரிகிறது. தபசு காலம் என்பதால் வெள்ளிக்கிழமைகளில் மதினி ஒரு நேரம்தான் சாப்பிடுகிறாள், சொன்னால் கேட்பதில்லை. நாளை மறுநாள் தோணி புறப்படுகிறது. பாஸ்குத் திருநாளுக்குள் திரும்பிவிடுவேன்.

வளன்

—

பெரம்பூர்
2-5-1973

அண்ணனுக்கு, கிளாடிஸ். நலம், நலமே வேண்டுகிறேன். பாஸ்குத் திருநாள் முடிந்தது. 23ஆம் தேதியும் கடந்தது. உங்களிடமிருந்து கார்டு கூட இல்லை. கையெழுத்துப் போடவில்லை என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள், நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

கிளாடிஸ்

—

தூத்துக்குடி
18-5-1973

என் அருமைத் தங்கை கிளாடிஸுக்கு, அண்ணன் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். நீ கேட்ட அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியவில்லை. அதனால்தான் தாமதம்.

பாஸ்குவுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யப் பெரிய வியாழக்கிழமை கோயிலுக்குப் போனேன். வழக்கமான பாவங்களைப் பங்குச் சாமியாரிடம் சொல்லி முடித்துவிட்டு, இதையும் சொன்னேன். ஒரு கடன் இருக்கிறது சாமி, திங்கட்கிழமை 23ஆம் தேதி வரை பேசாமல் இருந்தால் சட்டப்படி அது செத்துப்போகும், அதற்காகக் காத்திருக்கிறேன் என்றேன். சாமி கேட்டார்: "கொடுக்க மனசு இருக்கா?" இருக்கு சாமி என்றேன். "அப்போ எதுக்குக் காத்திருக்கீரு?" என்றார். கடன் கொடுத்தவரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டு வாரும், பிறகு பூசையில் நன்மை அப்பம் வாங்கும் என்று அனுப்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்தேன். நீ எழுதியது எல்லாம் ஞாபகம் வந்தது. பாஸ்குவன்று ஊரே நன்மை வாங்கப் போகும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் மதினி முகத்தை எப்படிப் பார்ப்பேன்? பெரிய சனிக்கிழமை காலையில் ஐம்பது ரூபாயை எடுத்துக்கொண்டு கயிற்றுக்கடைக்குப் போனேன். அண்ணாச்சி கடையின் உள்ளறையில் கட்டிலில் கிடந்தார். நெஞ்சுச்சளி, பேச்சு மெதுவாகத்தான் வந்தது. மகன் நோட்டை எடுத்து வந்தான். பின்பக்கத்தில் வரவு எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

போட்டு முடித்த பிறகு அண்ணாச்சி சொன்னார்: "நாள் முடியப்போகுதுன்னு எனக்கும் தெரியும்வே தண்டல். நீரு வரலன்னா நான் கேட்டிருக்க மாட்டேன். அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுன்னு இவன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். இப்ப நீரே வந்து உயிர் குடுத்துட்டீரு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்கட்டும்வே, மெதுவா குடும்" என்றார்.

நீ திட்டுவாய். திட்டு. ஆனால் பாஸ்குவன்று நன்மை வாங்கினேன், அன்று நன்றாகத் தூங்கினேன். அவர் இருக்கும்வரை எனக்குப் பயம் இல்லை.

உன் அண்ணன்
வளன்

—

பெரம்பூர்
25-5-1973

அண்ணனுக்கு. இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. நீங்கள் நன்மை வாங்கினீர்கள், வீட்டைப் பணயம் வைத்து வாங்கினீர்கள். இத்தனை வருஷம் நான் படித்ததும் தெரிந்துகொண்டதும் என் கூடப் பிறந்தவருக்கே உபயோகப்படவில்லை என்றால், இனி உங்களுக்கு எழுதி என்ன? உங்கள் சாமியையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளாடிஸ்

—

தூத்துக்குடி
19-1-1974

என் அன்பான கிளாடிஸுக்கு, பிளாரன்ஸ் மதினி எழுதிக்கொள்வது. நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு எழுத வராது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் அண்ணன் கொழும்புக்குப் போயிருக்கிறார். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை பத்து மணிக்குக் கோர்ட்டு அமீனா வந்தான். கூட ஒரு ஆள் தமுக்கு அடித்துக்கொண்டு வந்தான். தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வீட்டை ஜப்தி செய்திருக்கிறது, இதை யாரும் வாங்கவும் கூடாது விற்கவும் கூடாது என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, கதவில் ஒரு தாளை ஒட்டினான். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளேயே நின்றேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஆவுடையப்ப அண்ணாச்சி போன ஜூலையில் இறந்துபோனார். மகன் வீட்டுக்கு வந்தான், மரியாதையாகத்தான் பேசினான். "எங்க அப்பான்னா பொறுப்பாரு மதினி. நாங்க மூணு பேரு பங்கு பிரிக்கணும், நான் என்ன செய்ய?" என்றான். பிறகு கேஸ் போட்டான். சம்மன் வந்தபோது இவர் கடலில் இருந்தார். அதையும் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். இவர் திரும்பி வந்து அதைப் பிய்த்தெடுத்து, செபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்துவிட்டார். கோர்ட்டுக்குப் போகவில்லை. கேட்டால், "கடன் வாங்கினது நெசம், போயி என்னத்த சொல்ல?" என்கிறார். கிளாடிஸுக்காவது எழுதுங்கள் என்றேன். "அவ எழுதுறத நிறுத்திட்டா, மேலும் மேலும் அவளைக் கலக்க வேண்டாம்" என்றார். போகாததால் ஒருதலையாகவே தீர்ப்பு ஆகிவிட்டது.

இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுதியே பயன் இல்லை. அந்த மூவாயிரம் தோணிச் செலவுக்கு வாங்கியது இல்லை. தோணியில் உன் அண்ணனுக்கு என்றைக்குமே பங்கு கிடையாது கிளாடிஸ், அவர் சம்பளத் தண்டல்தான். மாப்பிள்ளைக்கு வயிற்றில் ஆபரேஷன், மூவாயிரம் கட்டினால்தான் செய்வார்கள் என்று நீ தந்தி அடித்தாயே, அன்று சாயங்காலமே கயிற்றுக்கடைக்குப் போய் வாங்கி வந்தார். பங்கை விற்றேன் என்று உனக்கு எழுதினார். கடன் என்று தெரிந்தால் நீ வாங்க மாட்டாய் என்றார்.

என் மேல் கோபப்படாதே. தமுக்குச் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது, யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது.

பிளாரன்ஸ்

—

பெரம்பூர்
3-2-1974

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும், கிளாடிஸ் வணக்கம். உங்கள் மாப்பிள்ளை நன்றாக இருக்கிறார். அவர் நன்றாக இருப்பதற்கு என்ன விலை என்று இப்போதுதான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. மதினி கடிதத்தை அவரிடம் கொடுத்தேன்.

அண்ணா, 1970 ஏப்ரல் 23 என்று நீங்கள் எழுதியபோது, அந்தத் தேதியை ஆபீசில் பார்ப்பது போலத்தான் பார்த்தேன். மூன்று வருஷம் எப்போது முடிகிறது என்று விரல் விட்டு எண்ணினேன். அந்த மாதம் என் வீட்டில் என்ன நடந்தது என்று யோசிக்கவில்லை. என் புருஷனைப் பிழைக்க வைத்த கடனைச் சாகவிடுங்கள் என்று உங்களுக்கே பாடம் எடுத்திருக்கிறேன். அது போதாது என்று, நீங்கள் செய்த நியாயத்துக்காகக் கோபித்துக்கொண்டு எட்டு மாதம் எழுதாமல் இருந்தேன். அந்தச் சம்மனை அன்றே எனக்கு அனுப்பியிருந்தால் தவணை கேட்டு வாங்கியிருப்பேன். அனுப்ப முடியாதபடி செய்தவள் நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வக்கீல் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு வழி சொன்னார். அப்பா உயில் எழுதாமல் இறந்தார், அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். கிறிஸ்தவர்களுக்கு உள்ள சட்டப்படி அந்த வீட்டில் மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி. கல்யாணத்தில் நகை போட்டதோடு பெண்ணின் பங்கு தீர்ந்தது என்றுதான் நம் தெருவில் நினைப்பார்கள். நானும் அப்படியே நினைத்திருந்தேன். ஆனால் வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்தது இல்லை. ஆகவே உங்கள் கடனுக்கு என் பாதியைத் தொட முடியாது. அதை விடுவிக்கச் சொல்லி மனு அடித்து, கையெழுத்துப் போட்டு, தூத்துக்குடியில் ஒரு வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன். உங்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை.

கடன் எனக்காக. போகப்போவது உங்கள் பாதி, தப்பப்போவது என் பாதி. இதை டைப் அடித்த போது அழுதுவிட்டேன்.

வளையல்களை வைத்து ஆயிரத்து நூறு ரூபாய் மணியார்டர் செய்திருக்கிறேன். தயவு செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கிளாடிஸ்

—

தூத்துக்குடி
8-9-1974

அன்பான கிளாடிஸுக்கு, மதினி. உங்கள் எல்லோருக்கும் மாதா துணை இருக்கட்டும். இன்று மாதா பிறந்த நாள், கோயிலுக்குப் போய் வந்து எழுதுகிறேன். உன் மணியார்டரை அண்ணன் திருப்பிவிட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதே. "தங்கச்சி வளையலை வித்து நான் வீட்டைக் காப்பாத்தவா?" என்று தபால்காரனிடமே சண்டை போட்டார்.

வியாழக்கிழமை முன்சீப் கோர்ட்டில் சாட்சி. நானும் கூடப் போனேன். நம் தெரு வழக்கத்தைக் கேட்டால் இந்த மனுஷன் வழக்கத்தைத்தான் சொல்லுவார், மிச்சப் பாதியும் போய்விடும் என்று நினைத்தேன்.

அவர்கள் வக்கீல் கெட்டிக்காரர். "உம்ம தங்கச்சிக்குக் கல்யாணத்துல எத்தனை பவுன் போட்டீங்க?" என்றார். இவர் "இருபது" என்றார். "உங்க ஆட்கள் வழக்கப்படி அதோட பொண்ணுக்குப் பங்கு முடிஞ்சதுதானே?" என்றார். இவர், "வழக்கம் அதுதான்" என்றார். "அப்போ வீடு முழுக்க உம்மது. அப்படித்தானே?" என்றார்.

இவர் ஜட்ஜ் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "நானும் அப்படித்தான்யா நினைச்சிக்கிட்டு இருந்தேன். ஆனா அவகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. எங்க அப்பாவும் கேக்கல, நானும் கேக்கல. கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பா. கேக்காத ஒண்ண அவ குடுத்துட்டான்னு நான் எப்படிச் சொல்லுவேன்?" ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்துவிட்டு அதை எழுதிக்கொண்டார்.

உன் பாதியை விட்டுவிட்டார்கள். மறு பாதி டிசம்பரில் ஏலம்.

பிளாரன்ஸ்

—

தூத்துக்குடி
16-3-1975

என் பிரியமான தங்கை கிளாடிஸுக்கு, அண்ணன் வளன் எழுதுவது. நானும் மதினியும் சுகம். மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

ஏலத்தில் என் பாதியை அண்ணாச்சி மகனே எடுத்தான். கடனும் வட்டியும் கோர்ட்டுச் செலவும் போக எனக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் வந்தது. நீ முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பியபடி கிழக்குப் பாதி உனக்கு, மேற்குப் பாதி அவனுக்கு என்று பிரித்தாயிற்று. போன வாரம் முன்னறைக்கு நடுவில் செங்கல் சுவர் வைத்தான். கொத்தனார்களுக்கு மதினி காப்பி போட்டுக் கொடுத்தாள். நானும் செங்கல் எடுத்துக் கொடுத்தேன், சும்மா உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

கிளாடிஸ், எனக்கு யார் மேலும் வருத்தம் இல்லை. மறுபடி அந்தப் பெரிய சனிக்கிழமை வந்தாலும் போய்க் கையெழுத்துப் போடத்தான் செய்வேன். அடமானம் வைக்காத வீடு எப்படிப் போகும் என்று கேட்டவன் நான். போகும் என்று இப்போது தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளை எழுந்து நடமாடுகிறார், எனக்கு அது போதும்.

ஆனால் ஒன்று மனதை உறுத்துகிறது. பிறந்ததிலிருந்து என் வீடு என்று நினைத்து இருந்த இடத்தில் இப்போது உன் வீட்டில் குடியிருக்கிறேன். ஓசியில் இருப்பது எனக்குப் பழக்கம் இல்லை. இந்தத் தெருவில் இரண்டு அறைக்கு மாதம் நாற்பது ரூபாய் கொடுக்கிறார்கள். உனக்கு எவ்வளவு வாடகை வேண்டும் என்று தயங்காமல் எழுது. மாதா மாதம் மணியார்டரில் அனுப்புகிறேன். நான் திருப்பியது போல நீ திருப்பக் கூடாது.

உன் அண்ணன்
வளன்

—

பெரம்பூர்
24-3-1975

அன்புள்ள அண்ணனுக்கு, கிளாடிஸ் வணக்கம். எல்லோரும் நலம். வாடகை எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மாப்பிள்ளையும் நானும் கலந்து பேசினோம். எங்களுக்குச் சேர வேண்டியதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கிழக்குப் பாதிக்கு வாடகை மொத்தமாக மூவாயிரம் ரூபாய். அது 1970 ஏப்ரலிலேயே எங்கள் கைக்கு வந்துவிட்டது. ரசீதை டைப் அடித்து, ரெவினியூ ஸ்டாம்பு ஒட்டி, கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வாடகைக் காலம் என்ற இடத்தில், அண்ணனும் மதினியும் உயிரோடு இருக்கும் வரை என்று அடித்திருக்கிறேன்.

ரசீதைப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள்.

கிளாடிஸ்